சுலோசனாவைப் பேசும் படம் வீழ்த்தியதா?

நூறு வருடங்களுக்கு முன்பு ஒருவர் இன்னொருவருக்கு டெலிபோன் செய்ய வேண்டுமென்றால், பெரும்பாலும் நடுவில் ஒரு பெண் இருந்தாக வேண்டும். ரிசீவரை எடுத்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டருக்குத் தெரியும். அவர் எண்ணைக் கேட்டு, எதிரே பலகையில் இருக்கும் துளையில் வயரைச் செருகி இணைப்புக் கொடுப்பார். அழைத்தவருக்கு அவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அப்படிக் குரலை வைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்த ரூபி மையர்ஸ் என்ற இளம்பெண், குரலுக்கு வேலையே இல்லாத ஒரு தொழிலுக்குப் போய், இந்தியாவின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரானார். சுலோசனா என்பது சினிமா அவருக்கு வைத்த பெயர்.

அவரைப் பற்றிச் சினிமா வரலாறுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் கதை சிறியது. மௌனப் பட காலத்தில் கொடிகட்டிப் பறந்தார், 1931இல் பேசும் படம் வந்தது, அவருக்கு ஹிந்துஸ்தானி மொழி வராது, அதோடு முடிந்துபோனார். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய படப் பட்டியலை வருடவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கதை நிற்கவில்லை. அவருக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அது ஒரு நடிகையின் கதை மட்டுமில்லை. நம் சினிமா யாரை உள்ளே கூப்பிட்டது, யாரை எப்போது வெளியே அனுப்பியது என்பதும் அதற்குள் இருக்கிறது.

பலரும் குழம்பும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்கால ஹிந்திப் படங்களில் அம்மா வேடங்களில் பார்த்த சுலோசனா லாட்கர் வேறு. இவர் அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர்.

ரூபி மையர்ஸ் 1907இல் புனேயில் பிறந்தார். பாக்தாதி யூதர் என்ற சமூகத்தைச் சேர்ந்தவர். ஈராக் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்காக வந்து பம்பாய், புனே, கல்கத்தா நகரங்களில் குடியேறியவர்கள் அவர்கள். புனேயில் சசூன் மருத்துவமனையும், செங்கல் சிவப்பில் நிற்கும் ஓஹெல் டேவிட் யூத ஆலயமும் அந்தச் சமூகத்தின் சுவடுகள். இந்தப் பின்னணியில் பிறந்த ஒரு பெண் எப்படிச் சினிமாவுக்கு வந்தார்?

அன்றைக்குச் சினிமா இருந்த நிலைமையில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. 1913இல் தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் சாளுங்கே என்ற ஆண்தான் சேலை கட்டினார். அதே சாளுங்கே 1917இல் 'லங்கா தகனம்' படத்தில் ராமராகவும் சீதையாகவும் நடித்தார். 1913லேயே துர்காபாய் காமத்தும் அவருடைய மகள் கமலாபாயும் பால்கேயின் அடுத்த படத்தில் நடித்துத் தடையை உடைத்தார்கள் என்றாலும், 'நல்ல குடும்பத்துப் பெண் நடிக்க மாட்டாள்' என்ற எண்ணம் போகவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும். கல்கத்தாவில் பேஷன்ஸ் கூப்பர். ரெனி ஸ்மித் என்ற பெண் சீதா தேவி ஆனார். எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம் பிரமிளா ஆனார். ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனார்.

இவர்கள் டைப்பிஸ்டாக, டெலிபோன் ஆபரேட்டராக, ஆசிரியையாக ஏற்கெனவே வெளியே போய் வேலை செய்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அந்நிய ஆண்கள் நடுவில் நின்று வேலை செய்வது அவர்களுக்குப் புதிதில்லை. அதற்காக இவர்களுக்கு எல்லாம் சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. கோஹினூர் ஃபிலிம் கம்பெனியைச் சேர்ந்த மோகன் பவ்நானி நடிக்கக் கேட்டபோது ரூபி முதலில் மறுத்துவிட்டார் என்றே சொல்லப்படுகிறது. பவ்நானி விடாமல் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டார். நடிப்பு பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. 1925இல் 'வீர் பாலா'வில் திரைக்கு வந்தார்.

ஹிந்துப் பெயர் வைத்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. நடிக்கும் பெண் வேற்றுச் சமூகத்தவள் என்பதால் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அவமானம் என்று பார்ப்பவர்கள் நினைக்க மாட்டார்கள். பெயர் ஹிந்துப் பெயர் என்பதால் கதைக்குள் அவளை ஏற்றுக்கொள்வார்கள். இந்த இடைவெளியில்தான் சுலோசனா நின்றார். அந்த இடைவெளி கிடைக்காதவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு பி.கே. ரோசி உதாரணம். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' மௌனப் படத்தில், தலித் பெண்ணான ரோசி நாயர் பெண்ணாக நடித்தார். அதற்காகவே அவர் துரத்தப்பட்டார். அதற்கப்புறம் அவர் நடிக்கவே இல்லை. இருவரும் கிட்டத்தட்ட ஒரே காலத்து நடிகைகள். ஒருவரை நாடு கொண்டாடியது, இன்னொருவரை ஊரை விட்டே ஓட வைத்தது.

சுலோசனா என்றால் அழகிய கண்களை உடையவள். ராமாயணக் கதைகளில் இந்திரஜித்தின் மனைவி பெயர் அது என்று நம் ஊரில் பலருக்கும் தெரியும். மௌனப் பட நடிகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேட முடியாது. வசனம் கிடையாது. நடுநடுவே எழுத்தில் அட்டை வரும். மற்றதெல்லாம் முகமும் உடம்பும் கண்ணும்தான் சொல்ல வேண்டும். அன்றைய பிலிமோ சிவப்பு நிறத்தைச் சரியாகப் பதிவு செய்யாது. உதடும் கன்னமும் கறுத்துத் தெரியும். அதனால் முகத்தில் தடிமனாக வெள்ளை மேக்கப் பூசுவார்கள். பூச்சு மூடிய அந்த முகத்தில் அசைந்து பேசக்கூடியவை கண்கள் மட்டுமே.

சரி, அவர் எந்த மாதிரிப் படங்களில் நடித்தார்? தலைப்புகளைப் பாருங்கள்: 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்', 'சினிமா குயின்' - மூன்றும் 1926. அப்புறம் 'இந்திரா பி.ஏ.', 1929. மற்றவர்கள் புராணமும் பக்தியும் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. நம் பக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த முதல் படம் 'கீசக வதம்'. அந்தச் சூழ்நிலையில் வேலைக்குப் போகும் பெண், படித்த பெண், தானாக முடிவெடுக்கும் பெண் திரையில் வருகிறாள். நிஜ வாழ்க்கையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரே டெலிபோன் பெண்ணாக நடித்தார் என்பது தற்செயலாகத் தெரியவில்லை. நகரத்தில் புதிதாகத் தோன்றிய ஒரு பெண்ணை மக்கள் கொஞ்சம் ஆசையோடும் கொஞ்சம் பயத்தோடும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்கு சுலோசனா முகம் கொடுத்தார்.

1927இல் பவ்நானி இயக்கிய 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' அவருடைய புகழின் உச்சம். இதில் அவருக்கு எட்டு வேடங்கள். தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப் பையன், பொன்னிறக் கூந்தலோடு ஒரு ஐரோப்பியப் பெண் என்று மாறி மாறி வருவார். 'நவராத்திரி'யில் சிவாஜியின் ஒன்பது வேடங்களையும் 'தசாவதார'த்தில் கமலின் பத்து வேடங்களையும் பேசிப் பேசி மாய்கிறோம். இந்தியத் திரையில் அந்த ஆசையை இவ்வளவு முன்னதாக, அதுவும் ஆண் வேடங்களையும் சேர்த்து, ஒரு பெண் நிறைவேற்றியிருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதினான்கு வருடங்களுக்கு முன் தாராமதியாக ஒரு ஆண் நடிக்க வேண்டியிருந்த சினிமாவில், இப்போது போலீஸ்காரராக ஒரு பெண் நடிக்கிறார். இந்த ஒரு மாற்றத்துக்காகவே சுலோசனாவை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

கோஹினூரை விட்டு அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் ஃபிலிம் கம்பெனிக்கு வந்தார். அங்கே ஆர்.எஸ். சௌத்ரி இயக்கத்தில் 'மாதுரி', 'அனார்கலி', 'இந்திரா பி.ஏ.' ஆகியவை வரிசையாக வந்தன. 'அனார்கலி' பிறந்த விதம் அன்றைய சினிமா வியாபாரம் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக் காட்டும். இம்தியாஸ் அலி தாஜின் நாடகத்தை அடிப்படையாக வைத்து, சீதா தேவியை நாயகியாகப் போட்டு, வேறொரு நிறுவனம் பெரிய செலவில் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது. அது வெளிவருவதற்குள் இம்பீரியல் அதே கதையை வேகமாக எடுத்து, சுலோசனாவை அனார்கலியாக்கி, 1928இல் முதலில் கொட்டகைகளுக்கு அனுப்பிவிட்டது. சுலோசனா படம்தான் ஓடியது. ஒரு பெயருக்காகக் கூட்டம் வரும் என்று நம்பி இப்படி ஒரு பந்தயத்தில் இறங்க முடிந்தது என்றால், அந்தப் பெயரின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

அவருடைய சம்பளம் மாதம் 5,000 ரூபாய் என்று பரவலாகச் சொல்வார்கள். பவுன் பதினைந்து ரூபாய்ச் சுமாருக்கு விற்ற காலம் அது. பம்பாய் கவர்னரைவிட அதிகம் சம்பாதித்தார் என்றும் கூடவே எழுதுவார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பம்பாய் கவர்னரின் சம்பளம் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்; மாதம் ஐயாயிரம் என்றால் வருடத்துக்கு அறுபதாயிரம்தான் வருகிறது. ஆனாலும் ஒரு நடிகையின் வருமானத்தைக் கவர்னரோடு வைத்துப் பார்க்கும் பேச்சு ஊரில் எழுந்திருக்கிறதே, அதுவே அவர் எட்டிய உயரத்துக்கு அத்தாட்சி.

இவ்வளவு பெரிய சந்தை அவருக்குக் கிடைத்ததற்கு மௌனமே காரணம். மௌனப் படத்துக்கு மொழி எல்லை கிடையாது. எழுத்து அட்டைகளைப் பல மொழிகளில் போடுவார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் உரக்கப் படித்து, கதையும் சொல்வார். பக்கத்தில் ஹார்மோனியமும் தபேலாவும் முழங்கும். பம்பாயில் எடுத்த படம் லாகூரிலும் ஓடும், மதராஸிலும் ஓடும், நம் டெண்டுக் கொட்டகைகளிலும் ஓடும். சுலோசனா எந்த மொழிக்காரர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை.

ஒலி வந்ததும் முதலில் பயன்பட்டது அவருடைய புகழ்தான். காந்தியடிகள் கதர்க் கண்காட்சியைத் திறந்து வைத்த ஒரு குறும்படத்தோடு, 'மாதுரி'யில் சுலோசனா ஆடிய நடனத்தையும் ஒலி சேர்த்துக் காட்டினார்கள். நாட்டின் மிகப் பெரிய தலைவரும் மிகப் பெரிய நடிகையும் ஒரே காட்சியில்!

1931 மார்ச் 14ஆம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் 'ஆலம் ஆரா' வெளியானது. இந்தியாவின் முதல் பேசும் படம். எடுத்தது இம்பீரியல் - சுலோசனா நடித்துக்கொண்டிருந்த அதே கம்பெனி. ஆனால் நாயகி அவர் இல்லை, ஜுபைதா. ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை. ரயில் சத்தம் இல்லாத நள்ளிரவு நேரத்தில் படப்பிடிப்பு நடத்தினார்கள். மைக்கை நடிகர்களுக்கு அருகே எங்காவது மறைத்து வைக்க வேண்டும். முக்கியமாக, பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாடே அப்போது இல்லை. யார் நடிக்கிறாரோ அவரே கேமரா முன் நின்று பாட வேண்டும். இந்த நிபந்தனை எவ்வளவு கடுமையானது என்பதற்கு நாயகன் மாஸ்டர் விட்டலே சாட்சி. மௌனப் படங்களில் சண்டை போட்டுப் பெயர் வாங்கியவர்; வசன உச்சரிப்பு சரியாக வராது. அதனால் படத்தில் பெரும்பகுதி நேரம் அவரை மயக்க நிலையில் இருப்பவராகக் காட்டிச் சமாளித்தார்கள்.

இங்கே தமிழ் சினிமாவின் தொடக்கமும் வந்து சேர்கிறது. அதே இரானி, அதே இம்பீரியல், அதே பம்பாய் ஸ்டூடியோ. எச்.எம். ரெட்டி இயக்கத்தில் 'காளிதாஸ்' எடுக்கப்பட்டு, 1931 அக்டோபர் 31 அன்று மதராஸ் கினிமா சென்ட்ரலில் வெளியானது. நாயகி டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றிலிருந்து வந்து, நாடக மேடையில் பாடிப் பாடித் தேறியவர். நாயகன் தெலுங்கில் பேச, அவர் தமிழில் பேசிப் பாடினார். கூட்டம் அலைமோதியது. ராஜலட்சுமிக்கு எந்தத் தகுதி கதவைத் திறந்ததோ, அதே தகுதி இல்லாததால்தான் அதே வளாகத்தில் சுலோசனாவுக்குக் கதவு சாத்தப்பட்டது. மொழி மட்டும் தெரிந்திருந்தால் போதாது, சங்கீதமும் வேண்டும். 1932இல் வந்த 'இந்திரசபா'வில் ஏறத்தாழ 70 பாட்டுகள். அந்த அளவுக்குச் சினிமா பாட்டுக் கச்சேரியாக மாறிக்கொண்டிருந்தது.

'அதோடு முடிந்துபோனார்' என்று இங்கேதான் எழுதிவிடுகிறார்கள். நடந்தது வேறு. சுலோசனா வேலையை நிறுத்தினார். ஒரு வருடம் உட்கார்ந்து ஹிந்துஸ்தானி கற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு, ஐந்துதான். தேசம் முழுக்கத் தெரிந்த ஒரு நட்சத்திரம், முதல் வகுப்பு மாணவியைப் போல உச்சரிப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டு 1932இல் பேசும் 'மாதுரி'யோடு திரும்பி வந்தார். படம் ஓடியது. அப்புறம் 1934இல் 'இந்திரா எம்.ஏ.', மௌனப் படத்தில் பி.ஏ. படித்திருந்த இந்திரா, பேசும் படத்தில் எம்.ஏ. ஆகிவிட்டாள். 1935இல் மறுபடியும் 'அனார்கலி'. 1936இல் 'வைல்ட்கேட்' படமே 'பம்பாய் கி பில்லி'யாக வந்தது. தின்ஷா பில்லிமோரியாவோடு அவர் ஜோடி சேர்ந்த படங்களுக்கு 1930கள் முழுக்க வரவேற்பு இருந்தது. ரூபி பிக்ஸ் என்று சொந்தப் படக் கம்பெனியும் தொடங்கினார். பேசும் படம் ஒருவரை வீழ்த்தியது என்றால், அதற்கப்புறம் ஏழெட்டு வருடங்கள் அவர் எப்படி நாயகியாகவே நிற்க முடியும்?

அப்படியானால் எது வீழ்த்தியது? மேலே சொன்ன பட்டியலிலேயே ஒரு காரணம் தெரிகிறது. எல்லாம் பழைய படங்களின் மறுபதிப்பு. 1926இல் டைப்பிஸ்ட் பெண் புதுமை. அந்தப் புதுமைதான் சுலோசனாவின் பலம். 1930களில் அவருக்குப் புதிதாக ஒரு பெண்ணை யாரும் எழுதவில்லை. பழைய வெற்றியையே வசனம் சேர்த்துத் திரும்ப விற்றார்கள். இது அவர் குற்றமா, இம்பீரியலின் குற்றமா என்று கேட்டால் நான் கம்பெனியின் பக்கம்தான் கை காட்டுவேன். எட்டு வேடம் போட்ட ஒருவருக்கு ஒன்பதாவது வேடம் தேடித் தராதது பெரிய தவறு. 1938இல் இம்பீரியலும் மூடப்பட்டது. ஒரு கம்பெனியையே நம்பியிருந்த நட்சத்திரத்துக்கு அது காலடி மண் சரிந்தது போலத்தான்.

இன்னொரு காரணம் மெல்ல வந்தது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. 1932இல் துர்கா கோட்டே பேசும் படத்தில் தாராமதியாக நடித்தார். பால்கேவுக்குக் கிடைக்காத தாராமதி, வசதியான மராட்டிக் குடும்பத்திலிருந்து வந்தார். தேவிகா ராணி வந்தார். லீலா சிட்னிஸ் வந்தபோது அவர் பட்டதாரி என்பதையே விளம்பரத்தில் போட்டார்கள். திரையில் இந்திரா பி.ஏ.வாக ஒருவர் நடித்ததுபோய், நிஜமான பி.ஏ. நடிக்க வந்துவிட்டார். 'குடும்பப் பெண்கள்' வர மாட்டார்கள் என்பதால் யாருக்குக் கதவைத் திறந்தார்களோ, குடும்பப் பெண்கள் வரத் தொடங்கியதும் அவர்கள் தேவைப்படவில்லை. தேசிய உணர்வு வளர்ந்த காலத்தில் ரசிகர்கள் திரையில் 'நம் பெண்'ணைப் பார்க்க விரும்பினார்கள். அந்த 'நம்'முக்குள் ரூபி மையர்ஸ் வரவில்லை. அவர் புனேயில் பிறந்தவர், இந்த நாட்டிலேயே வாழ்ந்து இந்த நாட்டிலேயே இறந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

மொழியைப் போல ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டுவிட முடியாத ஒன்று பாட்டு. அங்கேயும் காலம் கொஞ்சம் ஏமாற்றியது. 1935இல் நிதின் போஸ் கல்கத்தாவில் பின்னணிப் பாட்டு முறையைக் கொண்டு வந்தார். நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்றானது. இந்த ஏற்பாடு நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒலியோடு சேர்ந்தே வந்திருந்தால், கண்ணால் பேசத் தெரிந்த ஒரு தலைமுறையே காப்பாற்றப்பட்டிருக்கும். அது எல்லாருக்கும் பழகி நிலைத்தபோது சுலோசனா நாயகி வயதைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சின்ன வேடங்கள். 1947இல் திலீப் குமாரும் நூர்ஜஹானும் நடித்த 'ஜுக்னு'வில் வந்தார். 1968இல் 'நீல் கமல்' படத்திலும் வந்தார். 1973ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்குக் கிடைத்தது. தேவிகா ராணிக்கு அடுத்து அந்த விருதைப் பெற்ற இரண்டாவது பெண். தாராமதியாக நடிக்க ஒரு பெண் கிடைக்காமல் தவித்த மனிதரின் பெயரால் கொடுக்கப்படும் விருது, தயங்கித் தயங்கி நடிக்க வந்த ரூபியிடம் போய்ச் சேர்ந்தது சரியான விஷயம். 1983 அக்டோபர் 10 அன்று பம்பாயில் இறந்தார். 2013இல், இந்திய சினிமாவின் நூற்றாண்டை ஒட்டி வந்த தபால்தலைகளில் ஒன்றில் அவர் முகம் இருந்தது.

படங்கள்தான் இல்லை. இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. இன்று மிஞ்சியிருப்பவை ஒரு சிறு அலமாரிக்குள் அடங்கும். அன்றைய நைட்ரேட் பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும், தானாகவே மட்கிப் பொடியாகும். பேசும் படம் வந்த பிறகு பழைய சுருள்களுக்குச் சந்தை இல்லை. அவற்றிலிருந்த வெள்ளிக்காகவே எரித்தவர்கள் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல். அதற்குள் எவ்வளவோ போய்விட்டது. சுலோசனா பிறந்த ஊரில்தான் அந்தக் காப்பகம் இருக்கிறது. அவருடைய புகழ்பெற்ற மௌனப் படங்களை நாம் பெயராக, புகைப்படமாக, விளம்பரத் தாளாகத்தான் பார்க்க முடிகிறது.

அவர் எப்படி நடித்தார் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் 1953இல் வந்த ஹிந்தி 'அனார்கலி'யைத் தேடிப் பார்க்கலாம். சி. ராம்சந்திரா இசையில் பாட்டுகளுக்காக ஓடிய படம். அனார்கலியாக நடித்தவர் பீனா ராய். 1928இலும் 1935இலும் அனார்கலியாக இருந்த சுலோசனா, அதில் சலீமின் தாயாக, அரசி ஜோதாவாக வருகிறார். மகனுக்கும் கணவனுக்கும் நடுவில் நிற்கும் அந்தத் தாயின் காட்சிகள் வரும்போது ஒலியை நிறுத்திவிட்டு அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.